கிரேன்காரரின் கையெழுத்து

ஓய்வூதியப் பங்கீட்டு அலுவலகத்தில் ஒரு ஜோடிக்கு ஒரு டோக்கன்தான். வரிசைதான் இரண்டு. முன்னாள் கணவர்கள் ஒரு பக்கம், முன்னாள் மனைவிகள் மறுபக்கம், நடுவே கயிறு. டோக்கன் கையில் இல்லாதவர் வரிசையில் நிற்கக் கூடாது. கிழித்த டோக்கன் செல்லாது. ஆகவே, இனி ஜென்மத்துக்கும் உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொல்லிப் பிரிந்தவர்களெல்லாம் கயிற்றுக்கு மேலே கையை நீட்டி, ஒரே துண்டுக் காகிதத்தை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு, சேர்ந்தாற்போல் ஓரடி எடுத்து வைப்பதும் நிற்பதுமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ இலவசத் திருமணம் நடக்கிறது என்றுதான் தோன்றும்.

அந்த வரிசையில் திரைக்காரம்மாவும் நின்றாள். ஜன்னலுக்கும் மேடைக்கும் திரைச்சீலை தைப்பது அவள் தொழில். டோக்கனின் மறுமுனையில் அவளுடைய முன்னாள் கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவே அவரைக் கிரேன்காரர் என்றுதான் கூப்பிட்டது. விவாகரத்துக்குப் பிறகும் ‘என்னங்க’ என்று கூப்பிடலாமா, கூடாதா என்று குழம்பிப்போன திரைக்காரம்மாவும் கடைசியில் அதையே எடுத்துக்கொண்டாள்.

“டோக்கனை இழுக்காதீங்க, கிரேன்காரரே. கிழிஞ்சுரும்.”

“நான் எங்க இழுத்தேன்? உன் வரிசை வேகமாப் போகுது.”

“கல்யாணம் ஆன நாள்லேருந்து இதைத்தான் சொல்றீங்க.”

திரைக்காரம்மாவுக்கு அவசரம் இருந்தது. பிரிந்த பிறகு அவள் அக்கா வீட்டு ஹாலில் தையல் மெஷினைப் போட்டுத் தொழில் செய்துகொண்டிருந்தாள். துணி ஹாலை நிறைத்து, சமையலறைக்குள் புகுந்து, அக்காவின் கட்டில்வரை போய்விட்டது. “டீ குடிக்கணும்னாக்கூட திரையை விலக்கிட்டுத்தான் வர வேண்டியிருக்கு, ஏதோ நாடகத்துல ராணி வேஷம் கட்டின மாதிரி” என்று அக்கா தினமும் ஒரு தடவை சொல்வாள். அக்கா வீட்டுக்கு நேர் கீழே ஒரு கடை காலியாக இருந்தது. பெரிய ஜன்னல், வெட்டுமேஜை போட இடம். முன்பணம் கொடுத்தால் கடை அவளுக்கு. மாசக் கடைசிவரை பொறுப்பதாகக் கட்டட உரிமையாளர் சொல்லியிருந்தார். அதற்குமேல் தாமதித்தால் அதை எடுத்துக்கொள்ளப் பல் டாக்டர் ஒருவர் காத்திருந்தார். கிரேன்காரரின் ஓய்வூதியத்தில் பாதி அவளுக்கு என்று நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அந்தப் பாதியைக் கையில் வாங்குவது மட்டும்தான் பாக்கி.

கிரேன்காரருக்கும் அவசரம்தான். பங்கு பிரிந்து முடியும்வரை இருவரில் யாருக்கும் ஒரு காசு கிடையாது என்பது விதி. அவர் துறைமுகக் கேன்டீனில் பழைய நண்பர்களின் கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நண்பர்கள் இப்போதெல்லாம் அவரைக் கண்டதும் வேகமாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

முதல் ஜன்னலில் இருந்த குமாஸ்தா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“சேர்ந்து வந்தீங்களா, தனித்தனியாவா?”

“தனித்தனியா” என்றாள் திரைக்காரம்மா, அதுதான் சரியான பதில் என்று நம்பி.

“அப்ப ஏத்துக்க முடியாது. கூட்டு மனு. சேர்ந்துதான் வரணும்.”

“சரி, சேர்ந்துதான் வந்தோம்.”

“சேர்ந்து வந்தா, பிரிஞ்சதுக்கு என்ன அத்தாட்சி?”

கிரேன்காரர் கயிற்றைத் தாண்டித் தலையை நீட்டினார். “பஸ்ல ஒண்ணாத்தான் வந்தோம் சார். ஆனா வழி பூராவும் சண்டை போட்டுக்கிட்டே வந்தோம்.”

குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது. “இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?” என்று முத்திரையைக் குத்தினார்.

அடுத்தது உத்தேச ஆயுள் பிரிவு. பங்கு போடுவதற்கு முன்னால் யார் எத்தனை காலம் உயிரோடு இருப்பார்கள் என்று தெரிய வேண்டுமாம். அது மொட்டைமாடிக்கு முந்தின மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. இருவரும் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது கணிப்பாளர் ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தார்.

“படியேறி வந்ததுக்கு ரெண்டு பேருக்கும் கொஞ்சம் ஆயுசு கூட்டியிருக்கேன்.”

“ஏற முடியாதவங்க என்ன சார் பண்ணுவாங்க?” என்று கேட்டாள் திரைக்காரம்மா.

“அவங்க கணக்கு சுலபம்மா. அங்கேயே முடிஞ்சுரும்.” கிரேன்காரரின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு. “உங்க எதிர்காலத்தைப் பாத்துட்டேன் ஐயா. அவ்வளவு நல்லா இல்லை. ஆனா நீளமா இருக்கு.”

அதன் பிறகு திருமண காலத்தைக் கணக்கிட வேண்டும் என்றார். திரைக்காரம்மா கல்யாணத் தேதியையும் விவாகரத்துத் தேதியையும் சொன்னாள். கணிப்பாளர் சிரித்தார். ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

“அது மொத்த காலம்மா. அதுலேருந்து பேசாம இருந்த காலத்தைக் கழிச்சாத்தான் நிகர காலம். எப்பெப்ப பேசல?”

“ஃப்ரிட்ஜ் வாங்கினப்ப ஒரு மழைக்காலம் முழுக்க இவர் பேசல.”

“பேசினேனே” என்றார் கிரேன்காரர். “‘நகரு’ன்னு சொன்னேன். ஃப்ரிட்ஜைத் தூக்கும்போது.”

“அது பேச்சா? அது கிரேன் ஓட்டறவர் கீழ நிக்கறவனுக்குச் சொல்றது.”

“ஒற்றைச் சொல்லுக்குக் கால் நாள் கொடுக்கலாம்” என்றார் கணிப்பாளர், எழுதிக்கொண்டே. “உறுமல் இருந்தாலும் சொல்லுங்க. உறுமலுக்குத் தனி விகிதம் இருக்கு.”

அவர்கள் மத்தியானம்வரை உட்கார்ந்து தங்கள் மௌனங்களை நினைவுகூர்ந்தார்கள். அவர் ஒன்றை மறந்தால் அவள் எடுத்துக்கொடுத்தாள். அவள் விட்டதை அவர் சேர்த்தார். அவள் தம்பி கல்யாணத்தில் இருவரும் போட்டோவுக்கு மட்டும் சிரித்த கதையைச் சொல்லும்போது இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. கணிப்பாளர் பேனாவை நிறுத்தி, “இங்க சிரிக்காதீங்க, அதையும் சேர்க்க வேண்டி வரும்” என்று எச்சரித்தார்.

அதுவரை நன்றாகத்தான் போயிற்று. தகராறு கையெழுத்து ஒப்புமைப் பிரிவில் வந்தது.

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிரேன்காரர், ஒரு வீடு அளவுப் பெட்டிகளை ஆகாயத்தில் தூக்கிக் கப்பலில் பூப்போல இறக்கிவைப்பவர். ஆனால் காகிதம் என்றால் காத தூரம் ஓடுவார். பேனாவைக் கையில் கொடுத்தால் வியர்த்துவிடும். ஆகவே கல்யாணமான வாரத்திலிருந்தே அவர் கையெழுத்தையெல்லாம் திரைக்காரம்மாதான் போட்டாள். வங்கியில், வாடகை ஒப்பந்தத்தில், ஓய்வூதியத் திட்டத்தில் அவரைச் சேர்த்த முதல் விண்ணப்பத்தில், ஒவ்வொரு வருஷமும் அதைப் புதுப்பித்தபோது, எல்லாவற்றிலும் அவர் பெயர், அவள் கை. கடைசி எழுத்தின் வால் ஊசியில் நூல் கோப்பதுபோல ஒரு வளையம் போட்டு மேலே போகும். ரொம்ப அழகான கையெழுத்து.

பிரிந்ததற்குக் காரணமும் அதுதான். ஒருநாள் அவளுக்குக் குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஆபரேஷனுக்குக் கணவர் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். கிரேன்காரர் அதைப் பத்திரமாகக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார், அவள் வந்து போடட்டும் என்று. ஸ்ட்ரெச்சரில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, படுத்தபடியே, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அவர் பெயரில் அவளே சம்மதம் கொடுத்தாள். மயக்க மருந்து ஏறுவதற்கு முன்னால் அவள் எடுத்த முடிவுதான் விவாகரத்து. அந்த விவாகரத்துக் காகிதத்தில் போட்டதுதான் கிரேன்காரர் வாழ்க்கையில் தன் கையாலேயே போட்ட முதல் கையெழுத்து. மையில் விழுந்த கரப்பான்பூச்சி தப்பித்துப் போன தடம் மாதிரி இருந்தது.

ஒப்புமைப் பிரிவில் இருந்த அம்மாள் ஒரு பெரிய பூதக்கண்ணாடியை வைத்து, உறுப்பினர் விண்ணப்பத்தில் இருந்த கையெழுத்தையும் விவாகரத்துக் காகிதத்தில் இருந்ததையும் பார்த்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவளுடைய ஒரு கண் மட்டும் தட்டு அளவுக்குத் தெரிந்தது.

“விவாகரத்துல இருக்கறது உறுப்பினர் கையெழுத்து இல்லை” என்றது அந்தக் கண். “அதாவது, இந்த விவாகரத்துல புருஷன் கலந்துக்கவே இல்லை.”

“நான்தாங்க புருஷன்” என்றார் கிரேன்காரர். “நான் அங்கதான் இருந்தேன்.”

“ஆள் இருந்திருக்கலாம். கையெழுத்து வரலையே.”

திரைக்காரம்மாவுக்குக் கடை ஜன்னலில் பல் டாக்டரின் பலகை தொங்குவது கண்முன் தெரிந்தது. இனி மறைத்துப் பயனில்லை என்று நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே போலிக் கையெழுத்துக்குச் சிறைத் தண்டனை உண்டு என்பது ஞாபகம் வந்து, கடைசி வாக்கியத்தை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

பூதக்கண்ணாடியம்மா அவளை ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொன்னாள். அவள் கிரேன்காரரின் பெயரை எழுதி, வளையம் போட்டு, வாலை மேலே கொண்டுபோனாள். கண் இன்னும் பெரிதாயிற்று. பிறகு மூன்று பேருமாகப் பெரிய அதிகாரியின் அறைக்குப் போனார்கள்.

பெரிய அதிகாரியின் அறையில் திரைச்சீலை உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டப்பட்டிருந்தது. மடிப்பும் தையலும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. தொழில் புத்தி போகுமா, திரைக்காரம்மா அதைச் சொல்லிவிட்டாள்.

“தெரியும்” என்றார் அதிகாரி. “வரும்போதே அப்படித்தான் வந்தது. எங்க பதிவுல அதுதான் வெளிப்பக்கம்.”

பிறகு எழுந்து நின்று பேசினார். எதிரில் மூன்று பேர்தான் என்றாலும் முந்நூறு பேர் இருப்பதுபோலப் பேசினார்.

“இந்த அலுவலகம் தொடங்கின நாள்லேருந்து ஒரு காசுகூடத் தப்பான கைக்குப் போனதில்லை. அதுல எங்களுக்கு ரொம்பப் பெருமை.”

“சரியான கைக்குப் போயிருக்கா சார்?” என்று கேட்டார் கிரேன்காரர், வெள்ளந்தியாக.

“எந்தக் கைக்கும் போனதில்லை. அப்படித்தானே தப்பைத் தடுக்க முடியும்?” அதிகாரி தண்ணீர் குடித்தார். “மனுஷங்க மாறுவாங்க. இளைப்பாங்க, பெருப்பாங்க, முடி கொட்டும். கையெழுத்து மாறாது. அதனால நாங்க மனுஷங்களை நம்பறதில்லை. என்னையே கையெழுத்தைப் பாத்துத்தான் உள்ள விடுவாங்க. போன மாசம் கட்டைவிரல் சுளுக்கிக்கிச்சு. சுளுக்கு விடற வரைக்கும் வாசல்லதான் நின்னேன். என் அறைக்கு வந்த ஃபோனை எல்லாம் நான் இல்லைன்னு சொல்லி வெச்சுட்டாங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு, நம்ம ஆபீஸ் இவ்வளவு நல்லா நடக்குதேன்னு.”

பூதக்கண்ணாடியம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“போலிக் கையெழுத்துன்னா அசல்னு ஒண்ணு இருக்கணும்” என்று தொடர்ந்தார். “இங்க அசலே இல்லை. ஆரம்பத்திலேருந்து இந்தம்மா கைதான். அப்ப இதுதான் அசல். எங்களுக்கு ஆளைத் தெரியாது, கையைத்தான் தெரியும். ஆகவே உறுப்பினர் இந்தம்மாதான். அதாவது கணவர்.”

“நான் பொம்பளை சார்” என்றாள் திரைக்காரம்மா.

“அது உங்க சொந்த விஷயம்.”

“அப்ப நான் யாரு?” என்றார் கிரேன்காரர்.

“கணவர் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கறவர் மனைவிதானே?” விவாகரத்துக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். “இதுலயும் இப்ப சிக்கல் இல்லை. ரெண்டு பேரும் போட்டிருக்கீங்க, இடம்தான் மாறியிருக்கு. கோர்ட்டுல நாற்காலி மாறி உக்காந்திருப்பீங்க. அது நடக்கறதுதான்.”

அதன் பிறகு அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, அதிலிருந்த பதக்கத்தைத் திரைக்காரம்மாவின் கையில் கொடுத்தார். விபத்தில்லாமல் கிரேன் ஓட்டியதற்கு. “அவ்வளவு உயரத்துல பயமா இருக்கலியாம்மா?”

“பழகிருச்சு சார்” என்றாள் அவள். கிரேன்காரர் கைதட்டினார். அவர்தான் அந்த அறையில் உண்மையாகவே சந்தோஷப்பட்டுக் கைதட்டியவர்.

தீர்ப்பு இதுதான்: ஓய்வூதியம் முழுவதும் கணவருக்கு, அதாவது அவளுக்கு. முன்னாள் மனைவி, அதாவது கிரேன்காரர், வேண்டுமானால் பாதிக்கு மனுப் போடலாம். வேண்டாம் என்றால் கணவர் இங்கேயே ஒரு கையெழுத்தைப் போட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் திரைக்காரம்மா அக்காவுக்கு ஃபோன் செய்தாள்.

“முழுசும் உனக்கா?” அக்காவின் குரலுக்குப் பின்னால் துணி சரசரத்தது. “வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்தைப் போட்டுட்டு வந்து சேரு. எங்க வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் இருந்ததுன்னே எனக்கு மறந்துபோச்சு.”

“நான் கேட்டது பாதிதான்க்கா.”

“அவன் உன்னை ஸ்ட்ரெச்சர்ல கையெழுத்துப் போடவெச்சவன்டி.”

“அதுக்குத்தான் விவாகரத்து வாங்கியாச்சே. மீதிப் பாதியையும் எடுத்துக்கிட்டா, மாசாமாசம் வாங்கும்போதெல்லாம் அந்த ஆள் என்ன சாப்பிட்டாரோன்னு நினைச்சுக்கிட்டு இருக்கணும். அந்தத் தொல்லை எனக்கு வேண்டாம்.”

ஃபோனை வைத்துவிட்டு, மனைவிகளுக்கான மனுவை வாங்கிவந்து கிரேன்காரரின் மடியில் போட்டாள். அவர் வழக்கம்போல அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

“என்னைப் பாக்காதீங்க. மாசம் முடியறதுக்குள்ள நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. இல்லைன்னா எனக்குக் கடை இல்லை, உங்களுக்குச் சாப்பாடு இல்லை. நான் பேனாவைத் தொட மாட்டேன்.”

கிரேன்காரர் அந்த மனுவை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மாசத்தின் கடைசி வேலை நாளன்று திரும்பவும் டோக்கனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. விரல் நுனியெல்லாம் நீலம். மனுவை அவளிடம் காட்டினார். ஒவ்வொரு கட்டமும் நிரம்பியிருந்தது. தொழில் என்ற இடத்தில், மனைவிகள் மனுவில் வேறு எதையும் எழுத இடமில்லாததால், ‘இல்லத்தரசி’ என்பதற்கு நேரே டிக் போட்டிருந்தார். பிரிவுக்குக் காரணம் என்ற இடத்தில், ‘ஆஸ்பத்திரியில் நான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தது. திரைக்காரம்மா அந்த வரியை ஒரு தடவை படித்துவிட்டு, மறுபடி படித்தாள். பிறகு, “உங்க வரிசை வேகமாப் போகுது” என்றாள்.

பூதக்கண்ணாடியம்மா முன்னால் உட்கார்ந்து கிரேன்காரர் கையெழுத்துப் போட்டார். வியர்க்கவில்லை. பேனாவைப் பெட்டி இறக்குவதுபோலத் தாளில் இறக்கி, நிதானமாக எழுதி, கடைசியில் கீழே ஒரு கோடு இழுத்தார். பார்க்க லட்சணமாக இருந்தது.

“பொருந்தலை” என்றது கண்.

“எப்படிங்க? நானேதான் போட்டேன்.”

“மனைவியோட கையெழுத்துன்னு எங்ககிட்ட இருக்கறது விவாகரத்துல இருக்கறதுதான். அது கோணல்மாணலா இருக்கு. இது நல்லா இருக்கு. வேற ஆள்.”

“பழகினேன்மா” என்றார் கிரேன்காரர். “மாசம் பூராவும் உக்காந்து பழகினேன். கேன்டீன்ல மேஜைத்துணியைக்கூட விடல.”

“பழகியிருக்கக் கூடாது. நாலு மணிக்குள்ள பொருந்தறதைக் கொண்டாங்க. அதுக்கப்புறம் அடுத்த மாசம்.”

அவர் பழைய மாதிரி போட்டுப் பார்த்தார். வரவில்லை. தாளைத் திருப்பி வைத்துப் போட்டார், இடது கையால் போட்டார், கண்ணை மூடிக்கொண்டு போட்டார். எப்படிப் போட்டாலும் எங்கோ ஒரு மூலையில் அழகு வந்து உட்கார்ந்துகொண்டது. பெஞ்சில் சாய்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு வேலையைக் கத்துக்கிட்டா மறக்கத் தெரியல எனக்கு” என்றார்.

திரைக்காரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பல் டாக்டரை நினைத்துக்கொண்டாள். அப்புறம், தொட மாட்டேன் என்று சொல்லியிருந்த பேனாவைக் கை நீட்டி வாங்கினாள்.

“இதுதான் கடைசி.”

“கடைசி” என்றார் அவர்.

அவள் எழுதினாள். அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“அவ்வளவு நேரா இல்லை. முதல் எழுத்து வயித்து வலிக்காரன் மாதிரி குனிஞ்சிருக்கும்.”

“இப்படியா?”

“இன்னும் கொஞ்சம் மோசமா.”

“எவ்வளவு மோசமா எழுதறது? எனக்குக் கை வரலைங்க.”

“நடுவுல மை கொட்டின மாதிரி ஒரு பொட்டு. ஆங். இப்ப அந்த வாலைக் கீழ தள்ளு. செத்துப்போனாப்ல விழணும்.”

“என்னங்க, இதையா நீங்க கோர்ட்டுல போட்டீங்க?” என்று கேட்டுவிட்டு, ‘என்னங்க’ என்று சொல்லிவிட்டதைக் கவனித்து, அவசரமாக வாலைக் கீழே தள்ளினாள். செத்துப்போனாப்போலவே விழுந்தது.

பூதக்கண்ணாடியம்மாவின் கண் தாளின்மேல் ரொம்ப நேரம் நின்றது. இதையெல்லாம் அவள் மேஜைக்கு முன்னாலேயேதான் செய்தார்கள். ஆனால் விதிப்படி அவள் ஆட்களைப் பார்ப்பதில்லை.

“அப்படியே பொருந்துது” என்றாள், மனதாரப் பாராட்டும் குரலில். “பாத்தீங்களா, சொந்தக் கையெழுத்து சொந்தக் கையெழுத்துதான்.”

நாலு மணிக்கு முன்னால் முத்திரை விழுந்தது. கணவருக்குப் பாதி, மனைவிக்குப் பாதி. அந்த அலுவலகத்தின் வரலாற்றில் முதல்முறையாகக் காசு ஒரு கைக்குப் போனது. பெரிய அதிகாரி அன்று அரைநாள் விடுப்பில் இருந்ததால் தடுக்க முடியவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டார்கள்.

சாயங்காலமே முன்பணத்தோடு கட்டட உரிமையாளரிடம் போனார்கள். வெட்டுமேஜையை மாடியிலிருந்து இறக்கக் கிரேன்காரரைத்தான் கூப்பிட்டிருந்தாள் அக்கா. வீட்டு ஜன்னலைப் பார்த்த சந்தோஷத்தில் அவருக்கு டீகூடக் கொடுத்தாள். அவர் மேஜையைச் சுவரில் ஒரு கீறல் விழாமல் இறக்கி, ஜன்னலோரத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் பூப்போல வைத்தார்.

வாடகை ஒப்பந்தத்தில் திரைக்காரம்மா தன் பெயரைத் தன் கையால் போட்டாள். வளையமும் வாலும் அதற்கும் பொருத்தமாகத்தான் இருந்தன.

“சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணுமே” என்றார் உரிமையாளர்.

அவள் பேனாவைக் கிரேன்காரரிடம் நீட்டினாள். அவர் உட்கார்ந்து, நிதானமாக எழுதி, கீழே கோடு இழுத்தார். மாசம் முழுக்கப் பழகியது அங்கேதான் முதன்முதலில் காகிதத்தில் தங்கியது. உரிமையாளர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“பிரமாதமான கையெழுத்து. சார் எங்கயாவது பெரிய ஆபீஸரா?”

“இல்லீங்க” என்றார் கிரேன்காரர், பேனாவை மூடியபடி. “பதிவுப்படி நான் இல்லத்தரசி.”